வயலிலிருந்து விண்ணுக்கு ஒரு வழி

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே சென்று, அரியாங்குப்பத்தில் இடப்புறம் திரும்பினால் வீராம்பட்டினம் வந்துவிடும். பழைய ரோமானிய வாணிகத்திற்குப் பெயர் பெற்ற அரிக்கமேடு இதற்கு அருகில்தான் இருக்கிறது. அன்றைய மாலுமிகள் காற்றையும் மேகத்தையும் பார்த்துக் கடலின் மனநிலையைக் கணித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த மீனவர்களும் ஏறத்தாழ அப்படியேதான் கணித்து வந்தார்கள்.

1990-களின் கடைசியில் இந்தக் கடற்கரையில் ஒரு புதுமை நடந்தது. கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகளிலிருந்து ஒரு குரல் வந்தது. நாளை அலை எத்தனை உயரம் எழும், காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று அந்தக் குரல் தமிழில் சொல்லிற்று. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

வாசகர்களே, அந்த ஒரு செய்தி எத்தனை படி ஏறி இறங்கி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். செயற்கைக்கோள்களும் கப்பல்களும் மிதவைகளும் கடலை அளந்தன. அமெரிக்கக் கடற்படையின் கணிப்பொறிகள் அந்த அளவுகளைக் கொண்டு அடுத்த நாளின் அலை உயரத்தைக் கணக்கிட்டு, படமாக வரைந்து, இணையத்தில் வைத்தன. வில்லியனூரில் இருந்த ஓர் அலுவலகம் தொலைபேசிக் கம்பி வழியே அந்தப் படத்தை எடுத்தது. அங்கிருந்து அது வானலையில் ஏறி வீராம்பட்டினம் வந்தது. அங்கே உள்ளூர்த் தொண்டர் ஒருவர் அதைப் படித்துத் தமிழில் சொன்னார். போர்க்கப்பல்களுக்காகப் போட்ட கணக்கு கட்டுமரத்துக்குப் பயன்பட்டது!

டிராக்டர்களும் நீர் இறைக்கும் பம்புகளும் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளும் செயற்கைக்கோள் வழியே இணையத்துடன் பேசுகின்றன என்று இன்று நாம் செய்தித்தாள்களில் படிக்கிறோம். இது திடீரென்று முளைத்த அதிசயமன்று. ஐம்பது ஆண்டுகளாகப் படிப்படியாக வந்த பாதை. அந்தப் பாதையில் நம் புதுச்சேரிக் கிராமங்களுக்கும் ஓர் இடம் உண்டு. அதைப் பார்ப்போம். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: செய்தி எந்தத் திசையில் போகிறது?

கேட்க மட்டும் தெரிந்த கிராமம்

1945-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்தர் கிளார்க் என்ற ஆங்கிலேயர் ஒரு தொழில்நுட்ப இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கோளை நிறுத்தினால், அது பூமியைச் சுற்றிவரும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடும். எனவே தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அதை வானில் நட்ட ஓர் ஒலிபரப்புக் கோபுரமாகப் பயன்படுத்தலாம் என்றார் அவர்.

முப்பது ஆண்டு கழித்து இந்த எண்ணத்தைக் கிராமங்களில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது இந்தியா. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவையே அந்த ஆறு. கம்பி வலையால் ஆன மூன்று மீட்டர் அகலக் கிண்ண ஏற்பியை வைத்து, ஊர் கூடி உட்கார்ந்து, பயிர்த்தொழிலையும் உடல்நலத்தையும் பற்றிய நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். கிளார்க் அப்போது இலங்கையில் குடியிருந்தார். கொழும்பில் அவர் வீட்டிலும் ஓர் ஏற்பி வைக்கப்பட்டது. தம் எண்ணம் வேலை செய்வதை அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார்.

பெரிய சாதனைதான். ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். செய்தி மேலிருந்து கீழே வந்தது. கீழிருந்து மேலே ஒன்றும் போகவில்லை. நெல்லுக்கு இந்த மருந்தை அடியுங்கள் என்று திரையில் ஒருவர் சொல்வார். எங்கள் ஊரில் நெல்லே இல்லை, கேழ்வரகுதான் என்று உழவர் சொன்னால், அதைக் கேட்க அங்கே செவி இல்லை.

பேசத் தொடங்கிய கருவிகள்

கீழிருந்து மேலே முதலில் பேசியவை மனிதர்களல்ல, கருவிகளே. 1978-இல் பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து ஆர்கோஸ் என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. கடலில் மிதக்கும் மிதவையிலோ, ஆளில்லாத வானிலை நிலையத்திலோ ஒரு சிறு அலைபரப்பி இருக்கும். துருவங்களுக்கு மேலாகச் சுற்றிவரும் வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் சில நிமிடங்களில் அது தன் அளவுகளைச் சொல்லிவிடும். கோள் நெருங்கும்போது அதிர்வெண் கூடியும், விலகும்போது குறைந்தும் ஒலிக்கும். ரயில் வண்டியின் ஊதலில் நீங்கள் கேட்கும் அதே டாப்ளர் விளைவுதான் இது. அந்த மாற்றத்தைக் கணக்கிட்டுக் கருவி எங்கே இருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தியாவும் பின்தங்கவில்லை. 1981 ஜூன் 19 அன்று, பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரூ ஏவுதளத்திலிருந்து ஆப்பிள் என்ற நம் முதல் சோதனைத் தகவல் தொடர்புக் கோள் ஏரியன் ராக்கெட்டில் ஏறிச் சென்றது. பின்னர் வந்த இன்சாட் கோள்கள் தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலைப் படம் ஆகிய மூன்று வேலைகளையும் ஒன்றாகச் செய்தன. 1982-இல் ஏவிய இன்சாட்-1ஏ சில மாதங்களில் செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் ஏவிய இன்சாட்-1பி நன்றாக வேலை செய்தது. இந்தக் கோள்களில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு உறுப்பும் இருந்தது. தரையிலுள்ள ஆளில்லா நிலையங்களின் முணுமுணுப்பைக் கேட்டு, அதைத் தரை நிலையத்துக்குத் திருப்பி அனுப்பும் உறுப்பு அது. மழையளவு, காற்றின் வேகம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை நிலையங்கள் தாமே அளந்து தாமே அனுப்பும். அருகே மின்கம்பம் வேண்டியதில்லை. சூரியப் பலகையும் மின்கலமும் போதும்.

இங்கே ஓர் இயற்பியல் நுட்பம் உண்டு. இந்த நிலையங்கள் 402.75 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசின. ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் முக்கால் மீட்டர் வருகிறது. மழைத்துளியோ சில மில்லிமீட்டர்தான். இத்தனை நீண்ட அலைக்கு அந்தத் துளி ஒரு பொருட்டே அல்ல. கொட்டும் மழையிலும் செய்தி தடையின்றிப் போகும். மழையை அளக்கும் கருவி மழையில் ஊமையாகிவிட்டால் அதனால் என்ன பயன்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. நூறு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் பேசினால் என்னாகும்? வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் ஆசிரியருக்கு ஒன்றும் விளங்காதல்லவா? அதற்கும் எளிய வழி ஒன்றைக் கண்டார்கள். ஒவ்வொரு நிலையமும் தன் செய்தியை மிகக் குறுகிய நேரத்தில் சொல்லி முடிக்கும். அதையே முன்பின்னாக, ஒழுங்கற்ற இடைவெளிகளில், சிலமுறை திரும்பச் சொல்லும். ஒருமுறை மோதினாலும் மறுமுறை தப்பிவிடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி நேரம் ஒதுக்கும் முறை பிறகு வந்தது.

வயலில் நிற்கும் கருவி விண்ணுடன் பேசுவது என்பது இப்படித்தான் தொடங்கிற்று. அப்போது இணையம் என்ற சொல்லே மக்களுக்குத் தெரியாது.

கீழூரும் வில்லியனூரும்

இப்போது நம் ஊருக்கு வருவோம். வேளாண் அறிவியலார் எம்.எஸ். சுவாமிநாதன் 1988-இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1998-இல் புதுச்சேரி வட்டாரத்தில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடா நாட்டின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையம் இதற்கு நிதி உதவியது. வில்லியனூர் நடு மையம். கீழூர், எம்பலம், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்கள் அதைச் சுற்றிய கிளைகள்.

கீழூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அந்தச் சிற்றூரில்தான் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவு தந்தார்கள். பிரெஞ்சு ஆட்சி முடிவுக்கு வர வழி செய்த அதே ஊருக்கு, நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து இந்தப் புதிய வழியும் வந்தது.

அந்நாளில் கிராமத் தொலைபேசிக் கம்பிகளை நம்பிக் கணிப்பொறிச் செய்தியை அனுப்புவது கடினம். இணைப்புகளே குறைவு, இருந்தவற்றிலும் இரைச்சல் அதிகம். எனவே வில்லியனூர் வரை தொலைபேசிக் கம்பி, அங்கிருந்து ஊர்களுக்கு வி.எச்.எஃப். வானலை என்று கலப்பு ஏற்பாடு செய்தார்கள். காவல்துறை வாகனங்களில் இருப்பதுபோன்ற இருவழி வானொலிக் கருவிகள்தாம். பேச்சும் போகும், கணிப்பொறிச் செய்தியும் போகும். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரியப் பலகைகள் வைத்தார்கள்.

இந்த அலைகள் எத்தனை தொலைவு போகும்? ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை ஆதலால், பூமியின் வளைவுதான் எல்லை. இரு கம்பங்களின் உயரங்களை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தொலைவு கிடைக்கும். உதாரணமாக ஒரு கம்பம் 25 மீட்டர், மற்றது 9 மீட்டர் என்று கொள்ளுங்கள். 5-உம் 3-உம் கூடி 8, அதை 4.12-ஆல் பெருக்க 33 கிலோமீட்டர். வில்லியனூரைச் சுற்றியுள்ள நம் ஊர்கள் இந்த எல்லைக்குள் நன்றாக அடங்கிவிடும். தென்னை மரங்களுக்கு மேலே தலை நீட்டினால் போதும்.

கருவியைவிட அவர்கள் விதித்த நிபந்தனைகளே எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. இடத்தை ஊரார் தரவேண்டும். நடத்துவதற்குத் தொண்டர்களை ஊரே தரவேண்டும். எல்லாச் சாதியினரும், தலித் மக்களும், தடையின்றி உள்ளே வரக்கூடிய இடமாக அது இருக்கவேண்டும். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் அமைந்தது. தொண்டர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதுவரை கணிப்பொறியைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அதில் தமிழில் தட்டச்சு செய்தார்கள். தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கு ஒரு விதமாக இருந்த காலம் அது என்பதை மறக்கவேண்டாம்.

மக்கள் கேட்டது என்ன? உலகச் செய்திகள் அல்ல. சந்தையில் நெல் விலை, நல்ல விதை கிடைக்கும் இடம், பூச்சிக்கு மருந்து, மருத்துவர் வரும் நேரம், பேருந்து நேரம், அரசு உதவித் திட்டங்கள், தேர்வு முடிவுகள். இவற்றில் பெரும்பகுதி இணையத்தில் இல்லவே இல்லை. ஊர் ஊராகப் போய்த் திரட்டி, தமிழில் எழுதி வைக்கவேண்டியதாயிற்று. ‘நம்ம ஊரு செய்தி’ என்ற சிறு இதழும் வெளிவந்தது. இந்தத் திட்டம் 2001-இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ரா அருகே கடலுக்கடியில் பூமி பிளந்தது. அங்கே எழுந்த ஆழிப்பேரலை நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. மின்காந்த அலை இதே தொலைவைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. விண்ணில் நிற்கும் கோளுக்கு ஏறி இறங்கினாலும் கால் நொடிதான். இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. எச்சரிக்கைதான் வரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது அப்படியோர் ஏற்பாடே கிடையாது.

புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள நல்லவாடு என்ற மீனவ ஊரிலும் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தியைக் கண்டவர் உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை, மையம் பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஊரார் உயிர் தப்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்களிடம் நான் கேட்பதுண்டு: அந்த ஊரைக் காத்தது எந்தக் கருவி? சிலர் தொலைபேசி என்பார்கள். சிலர் ஒலிபெருக்கி என்பார்கள். ஒரு மாணவி, கதவை உடைத்த கை என்றாள். மூன்றும் சரியே. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்திருந்தாலும் மற்றவை வீணாகியிருக்கும்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு, 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கிற்று. ஆழ்கடலின் அடியில் வைத்த அழுத்தமானிகள் நீரின் எடை மாறுவதை உணர்ந்து, மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கடலே பேசக் கற்றுக்கொண்டது எனலாம்.

இருவழிப் பாதை

அதே 2004-இல் இன்னொரு படியும் ஏறப்பட்டது. இஸ்ரோவும் சுவாமிநாதன் நிறுவனமும் சேர்ந்து, செயற்கைக்கோள் வழியே நேரடியாக இணைந்த கிராம வள மையங்களை அமைத்தன. தஞ்சை மாவட்டத்தில் திருவையாறு, திண்டுக்கல் மாவட்டத்தில் செம்பட்டி, இராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம் ஆகியவை முதலில் இணைந்தவை. பிரதமர் மன்மோகன் சிங் தில்லியிலிருந்தே கிராம மக்களுடன் திரைவழியே பேசித் தொடங்கிவைத்தார். அந்த நாள் அக்டோபர் 18. கீழூர் வாக்கெடுப்பின் ஐம்பதாம் ஆண்டு நாள்! தற்செயல்தான், ஆயினும் நினைவில் வைக்கத்தக்கது. பின்னர் நாடு முழுவதும் நானூறுக்கும் மேற்பட்ட இத்தகைய மையங்கள் எழுந்தன.

1975-இல் கேட்க மட்டும் முடிந்த உழவர் இப்போது கேள்வி கேட்டார். நோய் கண்ட இலையைக் கேமராவின் முன் காட்டினார். எங்கோ இருந்த வல்லுநர் அதைப் பார்த்துப் பதில் சொன்னார். பதில் வருவதில் ஒரு சிறு தயக்கம் இருக்கும். கேள்வி ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர், கால் நொடி. பதிலுக்கும் அவ்வளவே. ஆக, அரை நொடி. வல்லுநர் யோசிக்கவில்லை, ஒளி ஓடிக்கொண்டிருந்தது!

இதற்கான கிண்ணங்களை நிறுத்துவதிலும் நமக்கு ஓர் இயற்கை வசதி உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில், ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருக்கிறோம். 83 பாகை கிழக்கில் நிற்கும் ஓர் இந்தியக் கோளைப் புதுச்சேரியிலிருந்து பார்த்தால், அது தெற்கிலிருந்து 15 பாகை கிழக்கே தள்ளி, தொடுவானத்திலிருந்து 75 பாகை உயரத்தில் இருக்கும். ஏறக்குறைய உச்சந்தலை! சிறு கிண்ணங்கள் பயன்படுத்தும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். மழைத்துளிகள் இதைப் பெரிதும் உறிஞ்சிச் சிதறடிக்கும். கோள் தாழ்வாக இருந்தால் அலை மழைக்குள் சாய்வாக நெடுந்தொலைவு போகவேண்டும். நமக்கோ குறுக்குவழி. ஆனாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுத் தொலைக்காட்சி உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுவே.

தாழப் பறக்கும் கோள்கள்

அண்மைக் காலத்தில் பாதை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு கோளுக்குப் பதிலாக, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் ஆயிரக்கணக்கான சிறு கோள்கள். உயரம் 65 மடங்கு குறைவு. அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது நீங்கள் படித்த விதி. 65-ஐ 65-ஆல் பெருக்கிப் பாருங்கள், 4,225. அதே அலைபரப்பியின் குரல் அங்கே நாலாயிரம் மடங்குக்கு மேல் உரக்கக் கேட்கும். ஆகவே சிறிய ஏற்பியும் சிறிய மின்கலமும் போதும். தயக்கமும் மறைந்துவிடும். ஆனால் இவை நிற்பதில்லை. சுமார் 95 நிமிடத்தில் உலகைச் சுற்றிவிடும். தலைக்கு மேல் சில நிமிடமே இருக்கும். ஒன்று மறையுமுன் அடுத்தது வரவேண்டும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன.

2024 ஜனவரியில் ஜான் டீர் என்ற அமெரிக்க டிராக்டர் நிறுவனம், ஸ்டார்லிங்க் கோள்களை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்தது. முதலில் அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் வயலாக, செல்பேசிக் கோபுரமே இல்லாத நிலங்கள் அங்கே உண்டு. அங்கே உழும் இயந்திரம் தான் போகும் தடத்தையும், எரிபொருளையும், விளைச்சலையும் ஓடும்போதே சொல்கிறது.

வசதிதான். அத்துடன் ஒரு வழக்கும் கூட வந்திருக்கிறது. இயந்திரம் பழுதானால் அதைத் திறந்து சரிசெய்யும் மென்பொருள் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது என்று அமெரிக்க உழவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகிறார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையமே இந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. ஆகவே நம் பழைய கேள்வியோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: செய்தி எந்தத் திசையில் போகிறது? போய்ச் சேர்ந்த இடத்தில் அது யாருக்குச் சொந்தம்?

நமக்கு எது தேவை?

பாகூர் ஏரிப் பாசனத்தில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இவையெல்லாம் வேண்டுமா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். மண் ஈரம், வெப்பம், நீர்மட்டம் ஆகியவற்றை மணிக்கு ஒருமுறை சொல்ல 20 எழுத்து போதும். நாளுக்கு 480 எழுத்து. நீங்கள் செல்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் சுமார் 20 லட்சம் எழுத்துக்குச் சமம். அதாவது உங்கள் ஒரு புகைப்படம் பிடிக்கும் இடத்தில், ஒரு வயல் பதினோரு ஆண்டு பேசலாம்! இதற்கு விரைவான இணையம் தேவையில்லை. செல்பேசிக் கோபுரம் எட்டும் நம் வட்டாரத்தில் அதுவே போதும். பம்பைச் செல்பேசியால் இயக்கும் ஸ்டார்ட்டர்கள் பல ஊர்களில் வந்துவிட்டன. இரவில் பாம்புக்கு அஞ்சிக்கொண்டு வரப்பில் நடந்தவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இது என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களும் நானும் சேர்ந்து மண் ஈரமானி ஒன்றைச் செய்து, தெரிந்த உழவர் ஒருவரின் வயலில் நட்டோம். மண்ணில் இரு உலோகக் கம்பிகள். அவற்றுக்கிடையே மின்தடையை அளந்தால் ஈரம் தெரியும். செய்தி ஒழுங்காக வந்தது. இரண்டு வாரம் கழித்து, நிலம் காய்ந்துவிட்டது, நீர் விடவும் என்று வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வயலில் கணுக்காலளவு தண்ணீர்! ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்ததால், உப்புநீரில் மின்பகுப்பு நடந்து கம்பி அரித்துப்போயிருந்தது. உழவர் சிரித்துவிட்டுக் கேட்டார்: “தாகம் நிலத்துக்கா சார், உங்க கம்பிக்கா?” செய்தி விண்ணுக்கே போய்வந்தாலும், தொடக்கத்தில் அளவு பிழையானால் முடிவும் பிழைதான். திசை மாறும் மின்சாரத்தைச் சிறிது நேரம் மட்டும் செலுத்தி அந்தக் குறையைப் பிறகு நீக்கினோம்.

கடலிலோ நிலைமை வேறு. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் செல்பேசி எட்டாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்கள் பலரை எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவேயில்லை. அதன் பின் 2019-இல் ககன் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் ஜெமினி என்ற சிறு கருவி வந்தது. ஆனால் அது கேட்க மட்டுமே தெரிந்த கருவி. 2024 ஆகஸ்டில் மீன்பிடிப் படகுகளுக்கான இருவழிச் செயற்கைக்கோள் கருவித் திட்டம் நாடளாவிய முறையில் தொடங்கப்பட்டது. இலக்கு ஒரு லட்சம் படகுகள். ஆபத்தில் இருக்கும் படகு இனித் தானே கூவி அழைக்கலாம். செயற்கைக்கோள் நமக்கு உண்மையில் இன்றியமையாத இடம் எது என்றால், கோபுரம் நட முடியாத அந்தக் கடல்தான்.

நண்பர்களே, வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் தொடங்கினோம்; கடலுக்கே திரும்பி வந்துவிட்டோம். ஐம்பது ஆண்டு வரலாற்றில் கேட்கும் கிராமம் பேசும் கிராமமாயிற்று. ஊமையாக நின்ற கருவி வாய் திறந்தது. ஆனால் ஒவ்வொரு படியிலும் கடைசிக் கண்ணியாக ஒரு மனிதரே இருந்தார்: படத்தைப் படித்துத் தமிழில் சொன்ன தொண்டர், கதவை உடைத்த ஊரார், கம்பி பொய் சொல்கிறது என்று கண்ட உழவர். அந்தக் கண்ணியாக நாளை நீங்கள் இருக்கலாம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவில் மாடிகளில் உள்ள தொலைக்காட்சிக் கிண்ணங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று காந்த ஊசியால் குறித்துக்கொள்ளுங்கள். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகலில் சில நிமிடம், சூரியன் சரியாக அந்தக் கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் வானலை இரைச்சல் கோளின் குரலை அமுக்க, படம் தடுமாறக்கூடும். அப்போது வெளியே வந்து, சூரியனை நேராகப் பார்க்காமல், தரையில் நட்ட ஒரு குச்சியின் நிழலைப் பாருங்கள். அது காட்டும் திசைக்கு நேர் எதிரே, 36,000 கிலோமீட்டருக்கு அப்பால் அந்தக் கோள் நிற்கிறது. குச்சியின் உயரத்தையும் நிழலின் நீளத்தையும் அளந்தால், அது எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.